பாகற்காய் வரைந்த ஓலை வேண்டி

மங்கலம் நிறைக. தாழம்பூ மணக்கும் கரையும் சங்கு முழங்கும் துறையும் உடைய தாழைநகரில், வளைகுன்ற நாட்டுத் திருமாமன்னர் அடல்வேலரின் வலக்கண்ணாக வீற்றிருந்து, நாட்டின் ஓலைகளையும் ஓலைக்காரர்களையும் தம் ஆணையில் நடத்தும் தலைமை அமைச்சர் மாவளத்தார் திருமுன்பு, இடிமுடிக் கணவாய்க் கோட்டையின் தலைவனும், அமைச்சரின் தங்கை நாகநங்கையை மணந்த வகையில் அவருக்கு மைத்துனனுமாகிய விடங்கன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நகரத்துக் கிணறுகள் இனிக்கட்டும். தங்கள் மாடத்து விளக்குகள் கடற்காற்றில் அணையாதிருக்கட்டும். தங்கள் கொல்லையில் வாழை குலை தள்ளட்டும். தங்கள் தங்கை உயிரோடு இருக்கட்டும்.

கடைசி வாழ்த்து ஓலை மரபில் இல்லாதது என்று விடங்கன் அறிவான். ஆயினும் அதை எழுதாமல் அவனுடைய எழுத்தாணி அடுத்த வரிக்கு நகர மறுத்தது. அவைக்கு எழுதுபவன் தன்னை 'யான்' என்று சொல்லிக்கொள்ளலாகாது என்பது நம் நாட்டு விதி. ஆகவே விடங்கனைப் பற்றி விடங்கனே பிறன்போல் நின்று சொல்லுகிறான். பெண் கொடுத்த இடத்தாரிடம் குரல் உயர்த்தலாகாது என்பது இன்னொரு விதி. அதை எவ்வளவு தூரம் காக்க முடிந்தது என்பதை ஓலையின் முடிவில் அமைச்சரே தீர்ப்பளிக்கலாம்.

தாங்கள் விடுத்த ஓலைக்கட்டு வந்து சேர்ந்தது. மழையில் மலைவழி சரிந்து, ஊரிலிருந்து ஒரு சொல்லும் வராமல் கோட்டை ஏங்கிக் கிடந்த வேளை அது. அடிவாரத்துச் சாவடியிலிருந்து ஓலைக்காரன் காரி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, முதுகில் கட்டுடன் பாறையைப் பற்றி ஏறி வருவதை முதலில் கண்ட காவலன், பகைவனைக் கண்டால் ஊதவேண்டிய கொம்பை எடுத்து ஊதிவிட்டான். தண்டிக்கத்தக்க குற்றந்தான். ஆனால் அந்தக் கொம்பொலி கேட்டு விடங்கனே ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்து வாயிலில் நின்றதால், யார் யாரைத் தண்டிப்பது?

ஓலைக்கட்டு வரும் நாள் இந்தக் கோட்டைக்கு எத்தகைய நாள் என்பதை அமைச்சர் அறியமாட்டார். அறிந்திருந்தால் இந்த ஓலைக்கே தேவை வந்திராது. எனவே பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

சேந்தன் என்ற வில்லாளிக்கு மனைவி அனுப்பும் ஓலையில் எழுத்து ஒன்றோ இரண்டோ வரிதான் இருக்கும். மீதி இடமெல்லாம் மஞ்சள் குழைத்துப் பதித்த குழந்தையின் காலடி. அவன் இன்னும் கண்ணால் காணாத மகள். புதிய ஓலை வந்ததும் பழைய ஓலையைத் தலைப்பாகையிலிருந்து எடுத்து, இரண்டு காலடிகளையும் அருகருகே வைத்து, கால் வளர்ந்திருக்கிறது பார் என்று கண்டவரிடமெல்லாம் காட்டித் திரிவான். அன்றைக்கு அவனிடம் மாட்டிக்கொள்ளாமல் கஞ்சி குடிக்கவும் முடியாது. இன்னொருவனுடைய மனைவி குறும்புக்காரி. ஓலையை மீன் வடிவில் நறுக்கி, செதிலுக்கு ஒரு சொல்லாக எழுதி அனுப்புவாள். எந்தச் செதிலிலிருந்து தொடங்கிப் படிப்பது என்று படைவீடே கூடி உட்கார்ந்து சண்டையிடும். முடிவில் படித்துப் பார்த்தால், “கறுப்பிக்குக் கன்னு பொறந்திருக்கு, உன்னை மாதிரியே முட்டுது” என்று இருக்கும். அதற்கு எழும் சிரிப்பு மலையின் மறுபக்கம் கேட்கும். கேட்கவும் வேண்டும். சிரிக்கிற கோட்டையை எவனும் எளிதில் ஏறமாட்டான்.

பொறையன் என்ற முதிய வேல்வீரனின் தாய்க்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி எழுதச் செய்தாலும், தன் கை அதில் இருக்கவேண்டும் என்று ஓலையின் ஓரத்தைப் பல்லால் கடித்து அனுப்புவாள். பொறையன் சேதியைப் படிக்கும் முன் பல் தடத்தைத்தான் தடவிப் பார்ப்பான். சென்ற கோடையில் ஒரு தடம் குறைந்தது கண்டு, அம்மாவுக்கு இன்னொரு பல் போயிற்று என்று ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதான். மறுநாளே கொம்புத்தேன் எடுத்து, மூங்கிற்குழாயில் அடைத்து, இதைக் கடிக்க வேண்டாம் நக்கினால் போதும் என்று எழுதி அனுப்பிவைத்தான். இங்கிருந்து செல்லும் ஓலைகளும் அப்படித்தான். மயிற்பீலி, குன்றிமணி கோத்த நூல், பாறைப்பூ, கரித்துண்டால் வரைந்த தன் முகம். அந்த முகங்களைப் பார்த்து ஊரில் குழந்தைகள் பயந்திருந்தால் அதற்கு விடங்கன் பொறுப்பில்லை.

விடங்கனுக்கு வரும் ஓலையின் கதையை அமைச்சர் அறியாதிருக்க வழியில்லை. நாகநங்கை சினத்தில் இருந்தால் ஓலையின் அடியில் ஒரு பாகற்காய் வரைவாள். மிகுந்த சினமென்றால் கொத்தாக வரைவாள். மழைக்கு முன், தங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபின் அவள் விடுத்த ஓலையில் பாகற்கொடியே படர்ந்திருந்தது. அவளுடைய பிறந்தநாளை விடங்கன் மறந்துவிட்டானாம். கோட்டைத் தலைவன் அந்த ஓலையைக் கவசத்துக்குள் வைத்துக்கொண்டு, பகலில் நாலு முறையாவது எடுத்துப் பார்த்து, கசப்பை இனிப்பாகத் தின்றுகொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் தங்கள் ஓலைக்கட்டு வந்தது. மேலே தங்கள் ஆணையோலை. மழைக்காலத்தில் ஓலைக்காரரின் சுமையில் பாதி ஓலையன்று, குப்பை என்றும், பீலியும் மணியும் தேன்குழாயும் சுமந்து மனிதர் மலையில் வழுக்கி விழுவது முறையன்று என்றும், ஆகவே மழை ஓயும்வரை வீட்டார் எவரும் எழுதவேண்டாம் என்றும், அவர்களுக்கு ஈடாக அரண்மனை எழுத்தர்களே வீரர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரிட்டு நலம் எழுதி விடுப்பர் என்றும், சட்டம் எல்லார்க்கும் ஒன்றாதலால் கோட்டைத் தலைவனுக்கும் அவ்வாறே என்றும் அதில் கண்டிருந்தது. காரியின் கால் வழுக்கக் கூடாது என்று நினைத்த நல்ல மனத்தை விடங்கன் குறை சொல்லவில்லை. கட்டைப் பிரித்தால், அளவெடுத்து நறுக்கிய ஓலைகள், ஒரே கை எழுதியதோ எனும் எழுத்து, முத்துக் கோத்தாற்போன்ற வரிகள். எல்லாவற்றிலும் ஒரே சேதி: யாவரும் நலம், கவலற்க, கடமையில் நிற்க.

அமைச்சர் பெருமானே, தாங்கள் கடற்கரையில் பிறந்தவர். மலைநாட்டு வழக்கம் தங்களுக்கு எட்டாதது தங்கள் குற்றமன்று. நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பது கடற்கரைப் பேச்சு. மலையில் வெந்துவிடும் என்றே நம்புகிறார்கள். ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால், அந்த வீட்டார் ஓலையைத் தொடமாட்டார்கள். ஊர்க்கணக்கரே எழுதுவார். அவரும் சாவென்ற சொல்லை ஓலையில் ஏற்றமாட்டார். யாவரும் நலம் என்றுதான் எழுதுவார். தன் வீட்டின் கோணல் எழுத்தும் மஞ்சள் கறையும் இல்லாமல், கணக்கர் கையில் அந்த ஒரு வரி வந்தால், வெளியூரில் இருப்பவன் தலையைச் சிரைத்துக்கொண்டு நீராடப் போவான். எங்கள் மலையில் இழவோலை என்பது இதுதான். தாங்கள் ஒரு கோட்டை முழுவதற்கும் அதை அனுப்பிவைத்தீர்கள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் விடங்கனுக்குச் செய்ய ஏதேனும் இருந்திருக்கும். ஒவ்வொருவனாக வந்து தன் பெயருள்ள ஓலையை வாங்கி, திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நடந்துபோனான். பொறையன் ஓலையின் ஓரம் முழுவதையும் விரலால் தடவினான். ஓரம் வழவழவென்று இருந்தது. சேந்தன் மட்டும், கால் எங்கே, கால் எங்கே என்று கட்டுக்குள் தேடிக்கொண்டே இருந்தான். அவன் கையைப் பிடித்து அப்பால் அழைத்துச் சென்றவர்கள்கூடத் தங்கள் ஓலையை மடியில் வைத்திருந்தவர்களே. பிறகு அனைவரும் சுனைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கோட்டையில் தலைமயிர் உள்ளவர் மூவர்: விடங்கன், கோட்டைக் கணக்கர் நெடுங்கையார், காரி.

துக்கம் காக்கிறவன் பிறை மாறும்வரை படைக்கலம் தொடலாகாது. இதுவும் எங்கள் வழக்கம். தொட்டால் இறந்தவர் வழி தெரியாமல் அலைவார் என்பார்கள். ஆகவே வேல்களும் விற்களும் கொட்டிலில் அடுக்கப்பட்டு, மேலே துணி மூடிக் கிடக்கின்றன. வீரர்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்து, சுவரோரம் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் நடமாடுபவர் விடங்கனும் காரியும் மட்டுமே. வெவ்வேறு தலைப்பாகை கட்டிக்கொண்டு, இங்கொருமுறை அங்கொருமுறை தலைகாட்டி, நிறையப் பேர் நிற்பதுபோல் பாவனை செய்கிறார்கள். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். இதுதான் வளைகுன்ற நாட்டின் மேற்கெல்லைக் காவல்.

கீழே, வெள்ளக் காட்டாற்றின் அக்கரையில், கடம்பாறை மன்னனின் கூடாரங்கள் நிற்கின்றன. ஆற்று வெள்ளம் ஒன்றுதான் அவர்களைத் தடுக்கிறது. மழை நேற்றிலிருந்து தூறலாகிவிட்டது. இதுவரை மழை நிற்கவேண்டும் என்று வேண்டிய கோட்டையில் இன்று விடங்கன் ஒருவன் மட்டும், நில்லாதே, இன்னும் பெய், என்று வானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

தங்கள் ஆணையோலையை அவன் வீரர்களுக்குப் படித்துக் காட்டினான். இது இழவோலை அன்று, சுமை குறைக்கச் செய்த ஏற்பாடு, அமைச்சருக்கு நம் வழக்கம் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். காரியும் அடிவாரச் சாவடியில் கட்டை வாங்கி ஏறியவனேயன்றி ஊர்களைக் கண்டு வந்தவனல்லன்; சான்று சொல்ல அவனாலும் இயலவில்லை. அப்போது பொறையன் எழுந்து சொன்னதை, அவையோலைக்கேற்பத் திருத்தாமல் அப்படியே எழுதுகிறான்: “தலைவரே, ஊருல காய்ச்சல்னு போன ஓலையிலேயே எழுதியிருந்தாங்க. எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்னா நாங்க கோட்டையை விட்டு ஓடிருவோம்னு அமைச்சரு இப்படி ஒரு கதை கட்டியிருக்காரு. அவரு பெரிய மனுசரு, நாட்டுக்காகச் செஞ்சிருக்காரு, நாங்க தப்பா நெனைக்கலை. ஆனா ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டம்மா மலையில பத்து வருசம் வாழ்ந்தவங்க. மழைக்கு முன்னாடி தாய்வீட்டுக்குப் போனவங்க, இப்ப அமைச்சரு வீட்டுலதானே இருக்காங்க? அவங்க உசிரோட இருந்திருந்தா இந்த ஓலை அந்த வாசலைத் தாண்டியிருக்குமா?”

விடங்கன், இருக்கிறாள், உயிரோடுதான் இருக்கிறாள் என்று வாளின்மேல் கைவைத்து ஆணையிட்டான்.

அமைச்சரே, அவன் அறிந்து ஆணையிடவில்லை. பொறையன் கேட்ட கேள்வியை அன்றிலிருந்து அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான். நாகநங்கை இந்த வழக்கத்தை அறிவாள். விடங்கனின் தந்தை மறைந்தபோது கணக்கர் கையில் எழுதிய ஓலை வந்து, அதைப் படித்து அவனுக்கு முன்பே அழுதவள் அவள். அவளுடைய காதில் விழுந்திருந்தால், அண்ணா என்ன காரியம் செய்தீர்கள் என்று அவைக்கே வந்து எழுத்தாணிகளைப் பிடுங்கியிருப்பாள். அவள் பிடுங்கவில்லையே. தாழைநகரில் காய்ச்சல் என்றுதானே அவளே எழுதியிருந்தாள்? பக்கத்துத் தெருவில் என்று எழுதியிருந்தாளே. பாகற்கொடியைப் பார்த்து மகிழ்ந்த மடையன், அந்த வரியை ஊன்றிப் படிக்காமல் விட்டுவிட்டான். இப்போது அந்த வரி மட்டுந்தான் அவன் கண்ணுக்குத் தெரிகிறது.

அவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை உண்டு. அவையில் நடப்பதை வீட்டில் சொல்லும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று நாகநங்கை பலமுறை குறைப்பட்டிருக்கிறாள். அண்ணனிடம் ஊர்ச் சேதி கேட்பதைவிடத் தூணிடம் கேட்கலாம் என்பாள். தாங்கள் இந்த ஆணையையும் அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம் அல்லவா? உண்ண அமர்ந்து, உண்டு, எழுந்து போயிருக்கலாம் அல்லவா? பொறுத்தருள வேண்டும், தங்கள் வாய் இறுக்கத்தை இதுவரை விடங்கன் குணக்கேடு என்று நினைத்திருந்தான். இன்று அது ஒன்றே மெய்யாயிருக்க வேண்டும் என்று குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்திருக்கிறான்.

ஆகவே விடங்கன் இரந்து கேட்பது இது. நெல் வேண்டாம், அம்பு வேண்டாம், துணைப்படையும் வேண்டாம், அது வந்து சேர்வதற்குள் கணவாய் போய்விடும். வீட்டார் எழுதலாகாது என்ற ஆணையை இந்த ஓலை கண்ட கணமே விலக்கி, மலையூர்கள் எங்கும் பறையறைவிக்க வேண்டும். அவரவர் கையால் எழுதட்டும். எழுத்துக் கோணினால் கோணட்டும், பிழையிருந்தால் இருக்கட்டும், எந்த எழுத்தரும் அதைத் திருத்தலாகாது. காலடி பதிப்பவர் பதிக்கட்டும், கடிப்பவர் கடிக்கட்டும், மீனாய் நறுக்குபவர் நறுக்கட்டும். காரிக்குச் சுமை கூடுமே என்று தாங்கள் இரங்க வேண்டியதில்லை, அவனைக் கேட்டாகிவிட்டது. “குப்பையைச் சுமந்த அன்னிக்கெல்லாம் மேல ஏறினதும் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுவாங்க. இந்த லேசான கட்டைக் கொண்டாந்த அன்னிக்கு எனக்குத் தண்ணிகூடக் குடுக்க ஆளில்லை” என்பது அவனுடைய விடை. எந்த வீட்டிலேனும் மெய்யாகவே விளக்கு அணைந்திருந்தால், அந்த வீட்டிலிருந்து மட்டும் கணக்கரின் ஓலை வரட்டும். அழவேண்டியவன் அழுவான். அவனைத் தாங்கிக்கொள்ள மற்றவர்கள் இருப்பார்கள்.

அத்தனை ஓலையும் திரளும்வரை மழை பொறுக்காது. எனவே முதலில் ஒன்று வரட்டும். நாகநங்கையின் ஓலை ஒன்று. அமைச்சரின் தங்கையே உயிரோடு இருக்கிறாள், அமைச்சர் செய்தது வெறும் அறியாமைதான் என்று பொறையனின் கண்ணெதிரே காட்டிவிட்டால், துணி விலகும். வேல்கள் கைக்கு வரும். அவள் நலமென்று எழுதக்கூடாது. அந்தச் சொல்லை இனி இந்தக் கோட்டையில் எவனும் நம்பமாட்டான். வையட்டும். பிறந்தநாளை மறந்தவனே என்று எழுதட்டும். ஒன்றும் எழுத மனமில்லையென்றால் அடியில் ஒரு பாகற்காய், ஒரே ஒரு பாகற்காய் வரைந்து அனுப்பட்டும். கோட்டைக்கு அது போதும், விடங்கனுக்கும் போதும்.

அவள் இல்லையென்றால், அமைச்சரே, தாங்கள் எழுதவேண்டாம். இந்த ஓலையைக் கொண்டுவரும் காரியை வெறுங்கையோடு திருப்பி அனுப்புங்கள். விடங்கன் புரிந்துகொள்வான். அதன்பிறகும் அவன் சுவரில் நிற்பான், தலைப்பாகையை மாற்றிக்கொண்டு, ஆறு வடியும்வரை, வடிந்த பின்னும் இயன்றவரை. அதற்கு ஆணை தேவையில்லை.

இனி ஒன்று. இந்த ஓலையின் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருப்பது கண்டு அவையோர் நகைக்கலாம். கணக்கர் நெடுங்கையார், தலைவரே சொல்லுங்கள், அடியேன் அழகாக எழுதித் தருகிறேன் என்று எழுத்தாணியோடு வந்தார். விடங்கன் அவரை வணங்கித் திருப்பி அனுப்பிவிட்டான். ஏனெனில் இந்த ஓலையை அமைச்சர் படித்து முடித்ததும் தம் வீட்டு உள்ளறைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். அங்கே ஒருத்தி இருந்தால், அவளுடைய கையில் கொடுக்க வேண்டும். கணக்கரின் நல்ல எழுத்தில் இது அவளிடம் போனால், படிக்கும் முன்னரே அவள் தன் வளையல்களைக் கழற்றிவிடுவாள்.

அவள் ஐயம் கொண்டாலும் கொள்வாள். எழுத்தைப் பிறர் கோணலாகவும் எழுதலாம் அல்லவா? ஆகவே, கோட்டையின் முத்திரையை அரக்கில் பதித்ததோடு, கடைசி ஓலையின் வல ஓரத்தில் விடங்கன் தன் பல்லையும் பதித்திருக்கிறான். மணந்த புதிதில் அவள் சினந்து சாத்திய கதவில் பாதி ஒடிந்த முன்பல் அது. வேறெவர்க்கும் அந்தத் தடம் விழாது. அமைச்சர் அதன்மேல் விரல் வைக்காமல், அவள் முதலில் தொடும்படி கொடுத்தருள்க.

மன்னர் வாழ்க. மலை நிற்க. இடிமுடிக் கோட்டையிலிருந்து, இன்னும் உயிரோடிருக்கும் விடங்கன், தன் கையால் எழுதியது.